கார்டோஃபல், எர்ட்ஆப்ஃபல், க்ரும்பேரெ: ஜெர்மனில் உருளைக்கிழங்குக்கு ஏன் இத்தனை பெயர்?

கேள்வி இதுதான்: "ஜெர்மன் வகுப்பில் உருளைக்கிழங்குக்கு கார்டோஃபல் என்று படித்தேன். வேலைக்கு வியன்னா வந்தால் இங்கே எல்லாரும் எர்ட்ஆப்ஃபல் என்கிறார்கள். மான்ஹைமில் இருக்கும் நண்பன் க்ரும்பேரெ என்கிறான். இதில் எது அசல் ஜெர்மன்? மற்றதெல்லாம் கொச்சையா?"

கொச்சை எதுவும் இல்லை. 'அசல்' என்று தேடினால்தான் வேடிக்கை. பாடப்புத்தகத்தில் இருக்கும் கார்டோஃபல்தான் மூன்றிலும் வெளியூர்ச் சொல். அது இத்தாலியிலிருந்து வந்தது. எர்ட்ஆப்ஃபல் மிகப் பழைய ஜெர்மன் சொல். ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது ஐரோப்பாவில் உருளைக்கிழங்கே கிடையாது. க்ரும்பேரெ என்பது 'நிலத்துப் பேரிக்காய்' தேய்ந்து வந்த வடிவம். பேர் தெரியாத ஒரு செடி ஊருக்குள் வந்ததும், அந்தந்த ஊரார் கையில் இருந்த ஏதோ ஒரு பழைய பெயரை எடுத்து அதற்கு மாட்டிவிட்டார்கள். யார் எதை எடுத்தார்கள் என்பதுதான் இன்றைய வட்டார வழக்கு.

முதலில் கார்டோஃபல். செடியின் சொந்த ஊர் ஆண்டீஸ் மலை. அங்கே கெச்சுவா மொழியில் அதன் பெயர் பாப்பா. ஸ்பானியர்கள் அதை 16-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஜெர்மன் பேசும் நிலத்துக்கு அது வந்ததற்கு அருமையான ஒரு தடயம் இருக்கிறது. கரோலஸ் குளூசியஸ் என்ற தாவரவியலாளர் வியன்னாவில் இருந்தபோது, மோன்ஸ் நகர ஆளுநர் பிலிப் டி சிவ்ரி அவருக்குக் கிழங்கு அனுப்பினார். அந்தச் செடியின் நீர்வண்ண ஓவியம் ஒன்று ஆன்ட்வெர்ப்பில் உள்ள பிளான்டின்-மொரேட்டஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. 1588 ஜனவரி 26 அன்று வியன்னாவில் பெற்றது என்று அதன் மேல் குறிப்பு. செடிக்கு அதில் எழுதியிருக்கும் பெயர் 'டாராடூஃப்லி'.

இத்தாலியில் டார்டூஃபோ என்றால் மண்ணுக்கடியில் விளையும் விலை உயர்ந்த காளான், அதாவது டிரஃபிள். மண்ணைத் தோண்டினால் பழுப்பாக, உருண்டையாக, முண்டும் முடிச்சுமாக வருகிறது. பார்த்த இத்தாலியர்கள் 'சின்ன டிரஃபிள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்த டார்டூஃபோவைப் பின்னால் தேடிப் போனால் லத்தீனில் 'மண்ணின் முண்டு' என்ற பொருள் கொண்ட சொற்றொடர் வரும். ஜெர்மனில் டிரஃபிள் காளானுக்கு ட்ரூஃபல் என்று பெயர். அதுவும் இதே வேரில் கிளைத்ததுதான், பிரெஞ்சு வழியாக வந்தது. ஆக கிலோ ஒரு யூரோவுக்கு விற்கும் கார்டோஃபலும் கிராம் கணக்கில் விற்கும் ட்ரூஃபலும் ஒன்றுவிட்ட சகோதரிகள். இன்னொரு கூத்து: இத்தாலியர்களே பிற்பாடு அந்தப் பெயரைக் கைவிட்டுவிட்டார்கள். அங்கே இப்போது படாடா.

ஜெர்மனுக்குள் வந்த வடிவம் டார்டோஃபல்தான். டா... டோ... என்று ஒரே ஒலி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முறை வந்தால் நாக்கு ஒன்றை மாற்றிவிடப் பார்க்கும். முதல் ட் க் ஆனது, கார்டோஃபல் வந்தது. பிரான்ஸில் 1600-லேயே ஒலிவியே டி செர் தன் வேளாண் நூலில் 'கார்டூஃபல்' என்று எழுதிவிட்டார். அவர் சொன்னது உருளைக்கிழங்கா வேறொரு கிழங்கா என்பதில் சண்டை உண்டு, அதற்குக் கீழே வருகிறேன். ஜெர்மனியில் டகரம் இன்னும் நெடுநாள் தாக்குப்பிடித்தது. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் 1756 மார்ச் 24-ல் உருளைக்கிழங்கைப் பயிரிடச் சொல்லி விட்ட புகழ்பெற்ற ஆணையில் எழுதியிருப்பது 'டார்டோஃபல்ன்' தான். இன்றும் போட்ஸ்டாமில் அவர் கல்லறை மேல் வருகிறவர்கள் பூவோடு உருளைக்கிழங்கையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். வயலுக்குக் காவல் போட்டு, 'ஏதோ விலை உயர்ந்த பொருள் போலிருக்கிறது' என்று விவசாயிகளைத் திருட வைத்தார் என்ற கதையையும் சொல்வார்கள். கதை என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆணையைவிடப் பெரிய வேலை செய்தது 1770 தொடங்கி வந்த பஞ்சம்.

அடுத்தது எர்ட்ஆப்ஃபல். எர்ட என்றால் நிலம், ஆப்ஃபல் என்றால் ஆப்பிள். பிரெஞ்சின் பொம் த தேர், டச்சின் ஆர்ட்ஆப்பல் எல்லாம் இதே கட்டுமானம். ஆனால் பழைய உயர் ஜெர்மனில், அதாவது சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஜெர்மனில், இந்தச் சொல்லுக்கு வெள்ளரி, முலாம்பழம் போல நிலத்தில் படர்ந்து காய்ப்பவை என்று பொருள். பழைய ஆங்கிலத்திலும் இதே சொல் வெள்ளரிக்கு இருந்தது. அந்தக் காலத்தில் ஆப்ஃபல் என்பது உருண்டையான எதற்கும் பொதுப்பெயர். பேரரசர் கையில் பிடித்திருக்கும் தங்க உருண்டைக்கும் ரைஷ்ஸ்ஆப்ஃபல், 'பேரரசின் ஆப்பிள்' என்றுதான் பெயர். நூரன்பெர்கில் மார்ட்டின் பெஹைம் 1492 வாக்கில் செய்வித்த பூமி உருண்டை, இன்றுவரை நிலைத்திருக்கும் பூகோள உருண்டைகளில் மிகப் பழையது. அதுவும் எர்ட்ஆப்ஃபல் என்ற பெயரில்தான் வழங்குகிறது. கொலம்பஸ் திரும்பி வருவதற்கு முந்தைய அறிவை வைத்துச் செய்தது என்பதால் அதில் அமெரிக்கா இல்லை. உருளைக்கிழங்கின் கண்டமே இல்லாத எர்ட்ஆப்ஃபல்!

வெள்ளரிக்கு வேறு பெயர் வந்ததும் இந்தப் பழைய பெயர் சும்மா கிடந்தது. மண்ணுக்குள்ளிருந்து உருண்டையாக ஒன்று வந்தபோது தெற்கே அதற்கு அது கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ஆஸ்திரியா, பவேரியாவின் பெரும்பகுதி, சுவிட்சர்லாந்து, மேற்கே ரைன் கரை, டச்சு எல்லை வரை இந்த 'நில ஆப்பிள்' பரவிக் கிடக்கிறது. கேட்கும்போது ஒரே சொல்லாகவே தெரியாது. கொலோனில் எடெப்பல் மாதிரி காதில் விழும். இது வேறு சொல் அல்ல, ஒலி மட்டும் வேறு. ஜெர்மன் வட்டார வழக்கில் சொல்லே வேறா, ஒலி மட்டும் வேறா என்று இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். தெற்கில் சுமார் 6-ம் நூற்றாண்டு தொடங்கி ப், ட், க் ஒலிகள் மாறத் தொடங்கின. ஆப்பல் என்பது ஆப்ஃபல் ஆனது. அந்த மாற்றம் வடக்கே போகப் போக வலுவிழந்து நின்றுவிட்டது. எனவே வடக்கிலும் கொலோனிலும் இன்னும் ஆப்பல், தெற்கில் ஆப்ஃபல். இது உருளைக்கிழங்குக்கு மட்டுமானதில்லை. ஆப்பிள், குதிரை, மிளகு என்று நூறு சொற்களில் இதே கோடு ஓடும்.

சுவிட்சர்லாந்தில் இதையே ஹெர்டெப்ஃபல் என்கிறார்கள். பெர்லின்காரர் ஒருவர் கேட்டால் 'அடுப்பு ஆப்பிளா?' என்று விழிப்பார், ஏனென்றால் பொது ஜெர்மனில் ஹெர்ட் என்றால் அடுப்பு. சுவிட்சர்லாந்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் பேசும் அலெமான்னிய வழக்கில் ஹெர்ட் என்றால் மண். தோலோடு வேகவைத்ததற்கும் ஊருக்கு ஒரு பெயர்: சுவிஸ்ஸில் க்ஷ்வெல்ட்டி, வடக்கில் பெல்கார்டோஃபல்ன், கொலோனில் குவால்மன். மான்ஹைமை ஒட்டிய ஃபால்ட்ஸ் வட்டாரத்தில் க்வெல்டெ என்பார்கள், தயிர் போன்ற வெள்ளைப் பாலாடைக்கட்டியோடு சாப்பிடுவார்கள், நன்றாக இருக்கும்.

உங்கள் நண்பரின் க்ரும்பேரெதான் எனக்கு இந்தக் கூட்டத்திலேயே பிடித்தது. ஆரம்பம் க்ருண்ட்பிர்ன. க்ருண்ட் என்றால் நிலம், பிர்ன என்றால் பேரிக்காய். பேசும் வேகத்தில் நடுவில் இருந்த ட் விழுந்தது. மிச்சமிருந்த ன் அடுத்து வந்த ப் ஒலியைப் பார்த்து ம் ஆனது, நம் 'மரம்' 'கள்' சேர்ந்து 'மரங்கள்' ஆகும்போது மெல்லினம் அடுத்த எழுத்துக்கு இசைந்து மாறுவது போலத்தான். க்ரும்பிர்ன என்று ஆகி, பேரிக்காய்க்கு ஃபால்ட்ஸ் உச்சரிப்பு பேர் என்பதால் க்ரும்பேரெ என்று நின்றது. அங்கே உள்ளவர்களைக் கேட்டால் 'வளைந்த பெர்ரி' என்று விளக்கம் சொல்வார்கள், க்ரும் என்றால் வளைந்தது என்று வைத்துக்கொண்டு. தேய்ந்துபோன சொல்லுக்குப் பின்னால் வந்தவர்கள் கட்டிய கதை அது. பேரிக்காய்தான் மூலம்.

இந்தப் பேரிக்காய் போன தூரம் ஆச்சரியமானது. சார்லாந்து, லொரேன் எல்லாம் இதன் ஊர். லக்ஸம்பர்கில் க்ரோம்பர், அது ஒரு நாட்டின் மொழியிலேயே ஏறிவிட்டது. சந்தைகளில் அங்கே விற்கும் வறுத்த உருளைக்கிழங்கு அடைக்கு க்ரோம்பரெகீஷெல்ஷர் என்று பெயர். ஃபால்ட்ஸிலிருந்து 18-ம் நூற்றாண்டில் அமெரிக்கா போனவர்களின் வாரிசுகள் பென்சில்வேனியாவில் இன்றும் க்ரும்பீரெ என்கிறார்கள். கிழக்கே ஆஸ்திரியாவின் புர்கன்லாந்தில் இதே சொல் உண்டு. அந்தப் பக்கத்து ஸ்லாவிய மொழிகளுக்குள்ளும் புகுந்து குரோவேஷியனில் க்ரும்பிர், ஸ்லோவேனியனில் க்ரோம்பிர் ஆனது. ஸ்லாவிய மொழியே அல்லாத ஹங்கேரியனில் க்ரும்ப்லி. ஜாக்ரெபில் ஒருவர் க்ரும்பிர் வாங்கும்போது ஒரு ஜெர்மன் பேரிக்காயைத்தான் உச்சரிக்கிறார். கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையிலும் ஆஸ்திரியாவின் மேற்குக் கோடியான ஃபோரார்ல்பெர்கிலும் க்ருண்டுக்குப் பதில் போடன் (அதுவும் நிலம்தான்) போட்டு போடாபீரா என்பார்கள். ஜெர்மனுக்குச் சம்பந்தமே இல்லாத ஃபின்னிஷில் பெருனா என்று பெயர். பெரு நாட்டின் பெயரோ என்று தோன்றும், இல்லை. ஸ்வீடிஷ் மொழியின் 'நிலப் பேரிக்காய்' என்ற சொல்லிலிருந்து பேரிக்காய்ப் பாதி மட்டும் போய்ச் சேர்ந்தது.

உருண்டையான கிழங்குக்கு எதற்குப் பேரிக்காய்? இங்கேதான் மேலே தள்ளிவைத்த சண்டை வருகிறது. 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவிலிருந்து இன்னொரு கிழங்கும் ஐரோப்பா வந்தது, சூரியகாந்தி இனத்தைச் சேர்ந்தது. இன்று அதன் பெயர் டோப்பினம்பூர். (பெயர்க் குளறுபடியில் அது உருளைக்கிழங்கையே தோற்கடிக்கும். 1613-ல் பிரேசிலின் டுப்பினம்பா மக்கள் சிலரைப் பாரிஸுக்குக் கூட்டிவந்தார்கள், அதே சமயம் பிரபலமான கிழங்குக்கு அவர்கள் பெயர் ஒட்டிக்கொண்டது. கிழங்குக்கும் பிரேசிலுக்கும் சம்பந்தமே இல்லை.) டோப்பினம்பூர் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் குறுகி, பார்க்கப் பேரிக்காய் மாதிரியே இருக்கும். பல வட்டாரங்களில் நிலப் பேரிக்காய், நில ஆப்பிள் இரண்டு பெயரும் அதற்கும் வழங்கின. அப்புறம் உருளைக்கிழங்கு வயலைப் பிடித்துக்கொண்டதும் பெயரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. இதனால் 17-ம் நூற்றாண்டு ஜெர்மன் ஆவணம் ஒன்றில் எர்ட்ஆப்ஃபல் என்று பார்த்தால் உடனே 'இதோ உருளைக்கிழங்கு' என்று குதித்துவிடக் கூடாது. 'எங்கள் ஊரில்தான் முதலில் பயிரிட்டார்கள்' என்று ஊர்கள் போட்டி போடும்போது இந்தக் குழப்பத்தை வசதியாக மறந்துவிடுவார்கள். வட பவேரியாவில் மேல் ஃபிரான்கோனியா வட்டாரத்தின் பில்கிராம்ஸ்ராய்ட் கிராமம் 1647-ஐச் சொல்லி அந்தப் பெருமையைக் கொண்டாடுகிறது.

வடக்கே மெக்லன்பர்க், போமெரேனியா பக்கம் ட்யூஃப்டன், ட்யூஃபல், கான்ட்யூஃபல் என்று வரும். அவை கார்டோஃபலின் குடும்பமே, முன்பாதி தேய்ந்தோ மாறியோ போனவை. ட்யூஃபல் என்றால் அங்கே வீட்டுச் செருப்பும்கூட, பான்டோஃபல் என்ற சொல் அதேபோலத் தேய்ந்ததால். பெர்லினுக்கு வடக்கே உக்கர்மார்க்கில் உருளைக்கிழங்கை நூடல் என்பவர்கள் உண்டு. அங்கே விருந்துக்குப் போய் நூடல் என்று கேட்டு இத்தாலியச் சாப்பாட்டை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

ஃபிரான்கோனியாவில் சில இடங்களில் போட்டாக்கன் என்ற சொல் இருக்கிறது. அது ஸ்பானியரின் படாடா வழியில் வந்தது. படாடாவின் மூலம் கரீபியத் தீவுகளின் டைனோ மொழியில் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு இருந்த பெயர். போர்த்துகீசியர் அதே சொல்லை இந்தியாவுக்குக் கொண்டுவர, மராத்தியில் படாட்டா ஆயிற்று. மும்பையின் படாட்டா வடையும் ஃபிரான்கோனியக் கிழவியின் போட்டாக்கனும் ஒரே தீவுக்காரப் பெயர். நீங்கள் வியன்னாவில் இருப்பதால் இன்னொன்று: பக்கத்து நாட்டு செக் மொழியில் ப்ராம்போரி. அது ஒரு காயின் பெயரிலிருந்தே வரவில்லை, 'பிராண்டன்பர்க்' என்ற ஊர்ப்பெயரிலிருந்து வந்தது. யாரிடமிருந்து வந்ததோ அவர்கள் பெயரே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

இவ்வளவும் எப்படித் தெரியும் என்றால், 1939-40-ல் மார்புர்க் ஆய்வாளர் வால்டர் மிட்ஸ்கா ஏறத்தாழ 50,000 ஊர்ப் பள்ளிகளுக்கு 200 சொற்கள் கொண்ட வினாத்தாளை அனுப்பினார். 'இதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வார்கள்?' என்பதுதான் கேள்வி. அதிலிருந்து எழுந்த ஜெர்மன் சொல் நிலப்படம் 1951 முதல் தொகுதி தொகுதியாக வந்தது. உருளைக்கிழங்கு அதில் தனிப் பேரரசு. அதில் உள்ள நிலைமை இன்று அப்படியே இல்லை. ஸ்டெஃபான் எல்ஸ்பாஸ், ராபர்ட் மோல்லர் இருவரும் 2003 முதல் நடத்திவரும் அன்றாட ஜெர்மன் நிலப்படத்தைப் பார்த்தால் கார்டோஃபல் தெற்கே இறங்கி வருவது தெரியும். பிரஷ்ய நிர்வாகம், பள்ளி, அப்புறம் கடைப் பொட்டலம் என்று அதற்கு எப்போதும் பின்பலம் இருந்தது. பவேரியாவில் இளையவர்கள் பலர் கார்டோஃபல் என்றே சொல்கிறார்கள். ஆஸ்திரியாவிலும் அது கேட்கிறது. ஆனால் எர்ட்ஆப்ஃபலை அங்கே அவ்வளவு சுலபமாக அசைக்க முடியாது, அதில் அரசியலும் கலந்திருக்கிறது.

ஆஸ்திரியா 1995-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, எங்கள் சாப்பாட்டுச் சொற்களை ஜெர்மனிக்காரர்கள் விழுங்கிவிடுவார்கள் என்ற பயம் மக்களிடம் இருந்தது. எனவே சேர்க்கை ஒப்பந்தத்தில் 10-ம் நெறிமுறை என்று ஒன்றைச் சேர்த்தார்கள். 23 ஆஸ்திரிய உணவுச் சொற்கள், அவற்றுக்கு இணையான ஜெர்மனிச் சொற்களோடு சம தகுதியில். பன்மையில் எர்டெப்ஃபல் அதில் ஒன்று. 'உருளைக்கிழங்கு சாலட் உருளைக்கிழங்கு சாலடாகவே இருக்கும்' என்று எர்டெப்ஃபலை வைத்தே வியன்னாவில் பிரசாரம் செய்தார்கள். 23 சொல் ஒரு மொழியைக் காப்பாற்றாது என்று கிண்டல் செய்த மொழியியலாளர்களும் உண்டு. சட்டமாக அது பெரிய விஷயமில்லை என்பதே என் எண்ணமும். ஆனால் உங்கள் அலுவலக நண்பர் ஏன் கார்டோஃபல்சலாட் என்று கேட்டால் முகம் சுளிக்கிறார் என்பதற்கு இது நல்ல விளக்கம்.

பொருள் பற்றியும் கொஞ்சம். கார்டோஃபல் கிழங்காக மட்டும் நிற்கவில்லை. காலுறையில் விழுந்த ஓட்டைக்குள் குதிகால் வெளுப்பாகத் தெரிகிறதல்லவா, அந்த ஓட்டைக்கே சில ஊர்களில் கார்டோஃபல் என்று பெயர். பருத்த மூக்கு கார்டோஃபல்நாஸ. மேலதிகாரி நிமிடத்துக்கு ஒரு உத்தரவு மாற்றிப் போட்டால் 'உருளைக்கிழங்கு வயலுக்குள் போ, வயலை விட்டு வெளியே வா' என்று ஒரு பெர்லின் வழக்கு, ராணுவப் பயிற்சியிலிருந்து வந்தது. இலக்கணப் பிழையோடு சொன்னால்தான் அதற்கு ருசி. கடந்த சில பத்தாண்டுகளில் இன்னொரு பொருளும் வந்திருக்கிறது: துருக்கி, அரபுப் பின்னணி கொண்ட இளைஞர்கள், குடியேற்ற வேர் இல்லாத ஜெர்மானியரைக் கார்டோஃபல் என்று கேலியாகச் சொல்வது. சிலர் சிரித்துக்கொண்டு தங்களையே அப்படிச் சொல்லிக்கொள்வார்கள், சிலருக்குக் கோபம் வரும். பல்லினப் பின்னணி கொண்ட பத்திரிகையாளர் அமைப்பு ஒன்று, குடியேறியவர்களைப் பற்றி ஒருதலையாக எழுதும் ஊடகங்களுக்கு 2018 முதல் 'தங்க உருளைக்கிழங்கு' என்று ஒரு கேலி விருதே கொடுக்கிறது. புதிதாக வந்த நீங்கள் இந்தப் பொருளில் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.

சரி, நடைமுறைக்கு வருவோம். கார்டோஃபல் என்றால் எல்லா ஊரிலும் புரியும். வியன்னாவில் கடையிலும் உணவகத்திலும் எர்டெப்ஃபல் என்றே சொல்லுங்கள், அங்கே அது பொது மொழி, வட்டாரப் பேச்சு இல்லை. ஆஸ்திரிய அமைப்பு நடத்தும் ஓஎஸ்டி என்ற ஜெர்மன் மொழித் தேர்விலும் அதை எழுதலாம், அந்தத் தேர்வு ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்று நாட்டு ஜெர்மனையும் ஏற்கிறது. க்ரும்பேரெ பேச்சு வழக்கு, நண்பரிடம் சொல்லுங்கள், விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: கார்டோஃபலும் க்ரும்பேரெயும் பெண்பால், முன்னால் 'டீ' என்ற சுட்டுச்சொல் போட வேண்டும். எர்ட்ஆப்ஃபல் ஆப்பிளைப் போல ஆண்பால், 'டேர்' வரும். கார்டோஃபலுக்குப் பன்மையில் ன் சேரும், எர்ட்ஆப்ஃபலுக்கு எதுவும் சேராது, உள்ளே இருக்கும் 'ஆ' மட்டும் 'எ' ஆகும். சொல்லை மாற்றிவிட்டு டீயை மாற்ற மறப்பதுதான் வடக்கே படித்துவிட்டுத் தெற்கே வருகிறவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம்.